வேப்பிலை கட்டிய புதர்

குளக்கரை ஆலமரத்தடியில் கீரி ஒரு வைத்தியசாலை நடத்தி வந்தது. ஒருநாள் முள்ளம்பன்றி காய்ச்சலோடு வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் கொப்புளம்.

"அடடா, அம்மை போட்டிருக்கு! நீங்க இங்கே படுக்கக் கூடாது. அந்தக் கோடிப் புதருக்குப் போங்க" என்றது கீரி. புதர் வாசலில் வேப்பிலைக் கொத்தும் கட்டியது.

முள்ளம்பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் என்ன தப்பு செஞ்சேன்? என்னைத் தள்ளி வெச்சிட்டீங்களே!"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லை. ஆலமரத்தடியிலே மானுக்குக் குட்டி பிறந்திருக்கு. இன்னும் எழுந்து நிக்கக்கூடத் தெம்பில்லை. அம்மை தொத்தினா அது பிழைக்காது. எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு. கஞ்சியும் இளநீரும் நானே கொண்டு வரேன்!"

முள்ளம்பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு மந்தி இருந்தது. யாராவது தும்மினால் போதும், வாழைப்பழத்தோடு நலம் விசாரிக்க வந்து நிற்கும். பாதிப் பழத்தை வழியிலேயே தின்றுவிடும் என்பது வேறு விஷயம்! கீரி கஞ்சி காய்ச்சப் போன நேரம் பார்த்து அது புதருக்கு வந்தது. வேப்பிலையை விலக்கி எட்டிப் பார்த்தது.

"அடப் பாவமே! உங்களை இப்படித் தனியாப் போட்டுட்டாங்களே அண்ணே! கொஞ்சம் நகருங்க, பக்கத்துல உக்கார்றேன்."

முள்ளம்பன்றிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆசையோடு நகர்ந்து இடம் கொடுக்கப் போனது.

"சீக்கிரம் அண்ணே! அடுத்து மான்குட்டியைப் பார்க்கணும். மடியில போட்டுக் கொஞ்சணும்!"

முள்ளம்பன்றி திடுக்கிட்டது. சடசடவென்று முட்கள் அத்தனையும் விரிந்தன.

"அங்கேயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

"பார்க்க வந்தவளையே குத்தப் பாக்குறீங்களா?"

"அங்கிருந்தே விசாரிங்க. என் காது நல்லாத்தான் கேக்குது!"

கஞ்சியோடு வந்த கீரி இதைக் கேட்டது. அதற்கு நெஞ்சு நிறைந்தது. மந்தியைக் குளத்தில் முழுகச் சொல்லி வீட்டுக்கு விரட்டியது.

அம்மை இறங்கி, முள்ளம்பன்றிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, முதல் ஆளாக மான் வந்தது. குட்டி முன்னால் துள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

"உங்க மாமாவைப் பாருடா! அவர் தயவுலதான் நீ துள்ளுறே!" என்றது மான்.

முள்ளம்பன்றி முட்களை எல்லாம் மடக்கிக்கொண்டு குட்டியை அருகில் அழைத்தது.

மரத்தின் மேலிருந்து மந்தி கேட்டது: "அண்ணே, இப்ப நான் வரலாமா?"

"தாராளமா வாங்க! பழத்தை மட்டும் முழுசாக் கொண்டு வாங்க!"

நோய் தீரும்வரை விலகி இருப்பதும் பிறர்மேல் நாம் காட்டும் அன்புதான்.