அரண்மனையில் அடுப்பெரியாத காலை

முன்னொரு காலத்தில், அரசருக்கு அஜீரணம் வந்தால் ஊருக்கே புதுச் சட்டம் வந்துவிடும் காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றில் வீரணன் என்ற படைவீரன் இருந்தான். எல்லைப் போரில் யானை மிதித்து அவன் இடது கால் முழங்காலோடு போய்விட்டது. அரண்மனை விகடகவி சொக்கப்பன் எடுத்துச் சொன்னதன்பேரில் அரசர் அவனுக்கு மாதம் ஒரு மூட்டை நெல் மானியம் கொடுத்தார்.

நெல் வந்தது. பொழுதுதான் போகவில்லை. இருபது வருடம் வேல் பிடித்த கை சும்மா இருக்குமா? ரசத்துக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்று மனைவி செங்கமலத்துக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தான். நான்காம் நாள் அவள் கரண்டியை ஓங்கினாள்.

"ஏங்க, கால்தானே போச்சு? கை ரெண்டும் கல்லு மாதிரி இருக்கே. போய் எதையாவது புடிங்க!"

அவன் பரிசல் துடுப்பைப் பிடித்தான். அதற்கு உட்கார்ந்தால் போதும். ஆற்றில் தண்ணீர் ஓடும் ஏழு மாதமும் ஆட்களை அக்கரை சேர்த்தான். பாட்டு வேறு பாடினான். செங்கமலமும் நிம்மதியாக ரசம் வைத்தாள்.

அரண்மனைக் களஞ்சியத் தலைவர் மருதாசலருக்குச் சொக்கப்பனைக் கண்டாலே ஆகாது. அரசர் அவன் பேச்சுக்கு மயங்குகிறாரே என்று புழுக்கம். மருதாசலர் ஒருநாள் வீரணனின் பரிசலில் ஏறி, கம்பீரமாக நின்றுகொண்டார்.

"உக்காருங்க சாமி, நின்னா பரிசல் சுத்தும்" என்றான் வீரணன்.

அவர் கேட்கவில்லை. பரிசல் தட்டாமாலை சுற்றியது. தலைப்பாகை ஆற்றோடு போயிற்று. கரையில் துணி துவைத்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

மறுநாள் சபையில் மருதாசலர் எழுந்தார். "மன்னவா! ஊனமுற்றவன் என்று சொக்கப்பன் மானியம் வாங்கித் தந்த ஆள், பரிசல் ஓட்டிச் சம்பாதிக்கிறான். வேலை செய்கிறவனுக்கு ஊனம் ஏது? தங்களை ஏமாற்றிவிட்டார்கள்."

அன்று அரசருக்கு அஜீரணம். "ஓர் ஆணை எழுதிக்கொண்டு வாரும்" என்றார்.

'அரண்மனை நெல்லைப் பெறும் எவனும் எந்த வேலையும் செய்யக்கூடாது. செய்தால் நெல் நிறுத்தப்படும்' என்று மருதாசலர் எழுதி நீட்டினார். அரசர் படிக்காமலே முத்திரை வைத்தார்.

செய்தி வீரணனுக்கு எட்டியது. துடுப்பை விட்டால் வீட்டுக்குள்ளேயே மக்கிப்போவான். நெல்லை விட்டால் ஆறு வற்றும் ஐந்து மாதமும் பட்டினி. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு சொக்கப்பனிடம் போனான்.

"அண்ணே, நான் பொய் சொல்லி மானியம் வாங்கினேன்னு ஊரே பேசுது. நெல்லு போனாக்கூடப் பரவாயில்ல. இந்தப் பேச்சைத்தான் தாங்க முடியல."

சொக்கப்பன் ஆணையை இரண்டு முறை படித்தான். மீசை துடித்தது. "ரொம்ப நல்ல ஆணைடா இது! நாளைக்குக் காலையில அரண்மனைக்கு வா. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வா, அங்க ஒண்ணும் கிடைக்காது."

மறுநாள் காலை வீரணன் போனபோது வாசலில் யாரும் தடுக்கவில்லை. காவலன் கேடயத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். பாகன் கைகட்டி உட்கார்ந்திருக்க, பட்டத்து யானை நந்தவனத்து வாழையைத் தின்றுகொண்டிருந்தது. மடைப்பள்ளியில் புகையே இல்லை.

அரசர் பாதி மீசையோடு ஓடி வந்தார். நாவிதர் பின்னாலேயே நடுங்கியபடி வந்தார். "மன்னிக்கணும் மகாராஜா, பாதியிலதான் ஆணை ஞாபகம் வந்துச்சு."

"இதென்ன கலகம்? சொக்கப்பா!"

சொக்கப்பன் சபை நடுவில் மல்லாந்து கிடந்தான். "பதில் சொல்வது என் வேலை மன்னவா. சொன்னால் என் நெல் போய்விடும்."

"போகாது, சொல்!"

அவன் எழுந்து வணங்கினான். "அரண்மனை நெல்லைப் பெறுகிறவன் வேலை செய்யக்கூடாது என்பது தங்கள் ஆணை. நேற்று மாலை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அனைவரும் பணிந்தார்கள். மீறியவர் மருதாசலர் ஒருவர்தான். காலையிலிருந்து களஞ்சியத்தில் நெல் அளந்துகொண்டிருக்கிறார். அவருக்கு நெல்லை நிறுத்திவிடலாமா?"

மருதாசலர் பதறி ஓடி வந்தார். "மன்னவா, அந்த ஆணை எங்களுக்கல்ல! நாங்கள் பெறுவது வேலைக்குக் கூலி. வீரணன் பெறுவதோ இழந்த காலுக்கு ஈடு. இரண்டும் ஒன்றா?"

"ஆஹா! நான் சொல்ல வந்ததை அவரே அழகாகச் சொல்லிவிட்டார்" என்றான் சொக்கப்பன். "காலுக்குக் கொடுத்த ஈட்டை, கை செய்த வேலைக்காக நிறுத்தலாமா? துடுப்புப் போட்டதால் அவனுக்குக் கால் முளைத்துவிட்டதா?"

அரசர் வீரணனைப் பார்த்தார். "இன்னும் வலி இருக்கிறதா?"

"மழை நாள்ல, இல்லாத கால்தான் வலிக்குது மகாராஜா. துடுப்புப் போடுறப்ப மறந்துடும்."

அரசர் சொக்கப்பனிடமிருந்து ஆணை ஓலையை வாங்கி இரண்டாக ஒடித்தார். "இந்தக் கால் என் நாட்டுக்காகப் போனது. அதற்குரிய நெல் இவன் ஆயுள் உள்ளவரை வரும். இவன் உழைப்பின் பலன் இவனுக்கே. அதைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை."

பிறகு அரசர் பணியாட்கள் பக்கம் திரும்பினார்.

"முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள்! சொக்கப்பா, உனக்குப் பரிசு சாப்பாட்டுக்குப் பிறகு."

"இப்போதே கொடுத்துவிடுங்கள் மன்னவா. வயிறு நிறைந்தால் அரசர்களுக்கு மறதி வரும்."

அரசர் பாதி மீசை குலுங்கக் குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வீரணனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, விருந்துக்கு இருக்கச் சொன்னார்.

"இன்னொரு நாள் வர்றேன் மகாராஜா" என்று கும்பிட்டான் வீரணன். "அக்கரையில ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."