துண்டுக்கு அடியில் ஒரு கை

"இந்த மூஞ்சியை மாத்திக் குடுங்க டாக்டரம்மா," என்றார் நாச்சிமுத்து. "ஞாயித்துக்கிழமைக்குள்ள."

டாக்டர் ஹாஜிரா நாற்காலியைக் காட்டினார்.

நாச்சிமுத்து உட்காரவில்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கிற ஆள். உட்கார்ந்து பேசிய பேரம் எதுவும் அவருக்குப் படிந்ததில்லை. வெயிலில் நின்றார், நின்றே பேசினார், நின்றே வீடு கட்டினார். இப்போது மூக்கிலும் இரண்டு கன்னத்திலும் சிவப்பு நூல் நூலாக ஓடியிருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ பூச்சி புகுந்து வலை பின்னிவிட்டுப் போனதுபோல.

"சிலந்தி நரம்பு," என்றார் டாக்டர். "சின்னச் சின்ன ரத்தக் குழாய். விரிஞ்சு போயிருக்கு."

"பேரு கெடக்கட்டுமுங்க. லேசர் வெச்சா போயிருமுன்னாங்க. வைங்க."

டாக்டர் எழுந்து பக்கத்தில் வந்தார். ஒரு விரலை அவர் கன்னத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தார்.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"ஒண்ணுங்களா?"

"என்ன ஒண்ணு?"

"ஒரே தடவை வெச்சாப் போதும்கறீங்க. படிஞ்சுதுங்க. முடிச்சுக்கலாம்."

டாக்டருக்குப் புரியவில்லை. நாச்சிமுத்துதான் விளக்க வேண்டியிருந்தது. சந்தையில் வாய் விலை சொல்லாது. இரண்டு பேர் கையைக் கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல் பேசும். ஒரு விரலை அழுத்தினால் ஒன்று, இரண்டை அழுத்தினால் இரண்டு. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

"நான் விலை சொல்லலைங்க தரகரய்யா. அழுத்திப் பார்த்தேன், அவ்வளவுதான்."

கைக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். விரலைச் சுற்றிலும் இருந்த சிவப்பு வெளுத்தது. எடுத்ததும் பழையபடி ஓடி வந்து நிறைந்தது.

"எங்கீங்க போச்சு?"

"எங்கயும் போகலை. நான் அழுத்தினேன், விட்டேன்."

"லேசர்?"

"அந்த வழியை மூடும். ரத்தம் வேற வழியைப் பார்த்துக்கும்."

நாச்சிமுத்துவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மாட்டைக் காட்டு என்றால் மேகத்தைக் காட்டுகிற ஆளோடு எப்படி யாவாரம் பண்ணுவது?

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?" என்று கேட்டார் டாக்டர்.

"பொண்ணு பாக்க வராங்க."

மகள் வாணி. தாயில்லாப் பிள்ளை. ஏற்கெனவே உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து பார்த்தது. பையனுக்கும் பிடித்திருந்தது, வாணிக்கும் பிடித்திருந்தது.

"பையனோட பெரியப்பன் வந்ததுல இருந்து என் மூக்கையே பாத்துட்டிருந்தானுங்க. அப்பறம் இளிச்சுட்டே கேக்கறான், 'அண்ணனுக்குச் சாயங்காலமானா பழக்கம் உண்டுங்களா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்க! எங்கப்பன் குடிச்சுக் குடிச்சே உழவு மாட்டை வித்தான். வெறுங்கயித்தைப் புடிச்சுட்டு நின்னவன் நானு. என்னைப் பாத்துக் கேக்கறான் அந்த நாயி!"

"நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"சொல்றதென்னங்க சொல்றது. காப்பித் தட்டைத் தூக்கி வாசல்ல வீசினேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"எதைப் பார்த்துப் போனாங்க?"

"இதைத்தான்!" அவர் தன் மூக்கைத் தானே குத்திக் காட்டினார். "இந்தச் சிவப்பைத்தான்!"

டாக்டர் குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க."

கெண்டைக்காலிலிருந்து கணுக்கால் வரை அதே வலை. இங்கே நீலமாக, இன்னும் அடர்த்தியாக.

"இது எப்ப இருந்து?"

"யாருக்குத் தெரியும்? நின்னு நின்னு வந்தது. அதை விடுங்க, காலை எவன் பாக்கறான்?"

"அதுவும் இதுவும் ஒரே சங்கதிதான். இதுக்கு ஏன் உங்களுக்குக் கோபம் வரலை?"

அவர் வேட்டியை இறக்கிவிட்டார். "வாத்தியார் மாதிரி கேள்வி கேக்கறீங்களே தவிர வைத்தியத்தைக் காணோமே டாக்டரம்மா!"

"வைத்தியம் இருக்கு. ஆனா இன்னிக்கு முகத்துல லேசர் வெச்சா ஞாயித்துக்கிழமை தக்காளி மாதிரி வீங்கி நிப்பீங்க. அது அடங்கணும். மூடின குழாயை உடம்பு மெல்ல மெல்லக் கரைக்கணும். ஆறு வாரம் கழிச்சு வாங்க, மிச்சத்தைப் பார்ப்போம். அதுவரைக்கும் வெயில் ஆகாது. பின்னால புதுசா வேற இடத்துல வந்தாலும் வரும்."

"வெயில் ஆகாதா? தரகனுக்கா? வீங்குமா? மறுபடி வருமா? அப்பறம் என்ன மயித்துக்குங்க அந்த மெஷினு?"

குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. நாற்காலி சாய்ந்து விழுந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் கைக்கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மூக்கு, கன்னம், காது, கழுத்து, எல்லாம் ரத்தச் சிவப்பு. நூல்கள் கயிறாகத் தடித்துப் புடைத்திருந்தன.

"ஞாயித்துக்கிழமை இப்படித்தான் இருக்கும்," என்றார் டாக்டர். "லேசர் இல்லாமலே வந்துடுச்சு."

நாச்சிமுத்து சந்தையில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். தோள் துண்டை உருவினார், மேஜைமேல் கையை நீட்டினார், துண்டை மேலே போட்டார்.

"வைங்க கையை. பேசி முடிப்போம்."

டாக்டர் கையை உள்ளே வைத்தார்.

நாச்சிமுத்து மூன்று விரலை அழுத்தினார். ஆறு வாரத்தைப் பாதியாக்குங்கள் என்று அர்த்தம். அந்தக் கை சும்மா கிடந்தது. ஒரு விரலைக் கூட்டி நான்கை அழுத்தினார். சும்மா கிடந்தது. ஐந்து. அப்போதும் சும்மாதான்.

அவர் பார்க்காத கையா? வியர்க்கிற கை உண்டு, உதறிக்கொண்டு போகிற மாதிரி நடிக்கிற கை உண்டு, வேண்டாம் வேண்டாம் என்று சுண்டுவிரலால் கூப்பிடுகிற கை உண்டு. இது கூப்பிடவும் இல்லை, விலகவும் இல்லை. வயிறு நிறைந்த மாடு நிழலில் படுத்துக் கிடப்பதுபோலக் கிடந்தது.

"பேசுங்க!" என்று கத்தினார்.

"பேசிட்டேன்."

அவர் கையை உருவிக்கொண்டு வெளியேறினார். துண்டு டாக்டரின் கைமேலேயே கிடந்தது.

எதிர்த்தெருவில் புதிதாக ஓர் அழகு நிலையம் இருந்தது. கதவைத் திறந்ததும் குளிர்காற்றும் ரோஜா வாசனையும் முகத்தில் அடித்தன. டை கட்டிய ஒருவன் ஓடி வந்து வரவேற்றான்.

"இது போகுமாப்பா?"

"போயிரும் சார்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"தாராளமா சார்."

"வீங்குமா?"

"சேச்சே."

"மறுபடி வராதே?"

"லைஃப்ல வராது சார்."

"நான் நாளைக்கே வெயில்ல நிக்கோணும்."

"நில்லுங்க சார், அதனால என்ன?"

நாச்சிமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற யாவாரியை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படி ஒருவன் வாய்த்தால் அவர் விலையைப் பேசமாட்டார். குனிந்து மாட்டின் காலைத்தான் பார்ப்பார்.

"தம்பி, கையைக் குடு."

அவன் கொடுத்தான். ஈரமாக இருந்தது.

அவர் திரும்பி நடந்தார். பிறகும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. டீக்கடைக்குப் போனார், டீயைக் குடிக்காமல் வைத்தார். பேருந்து நிலையம் வரை போனார், ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார், இறங்கினார். தோளில் துண்டு இல்லாதது என்னவோ அம்மணமாக நடப்பதுபோல இருந்தது.

மறுபடி டாக்டரின் அறைக்கே வந்து சேர்ந்தார். துண்டு மடித்து மேஜைமேல் இருந்தது. விழுந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"ஆறு வாரம்னா ஆறு வாரம். மூஞ்சி கெடக்கட்டுமுங்க. ஞாயித்துக்கிழமை அவங்க கேப்பாங்க. கேக்காம இருக்கமாட்டாங்க. நான் என்ன பண்றது? அதுக்கு ஒரு மருந்து சொல்லுங்க."

டாக்டர் ஹாஜிரா கையை மேஜைமேல் வைத்தார். துண்டை விரித்துத் தானே மேலே போட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்து கையை உள்ளே விட்டார். விரல் எதையும் பிடிக்கவில்லை. அந்தக் கை கிடந்தது, பக்கத்தில் அவர் கையும் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தன் கை நடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. எத்தனை வருஷமாக நடுங்குகிறதோ, இத்தனை நாள் நடுங்குவது அடுத்தவன் கை என்று நினைத்திருந்தார்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"துண்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க," என்றார் டாக்டர்.

ஞாயிறு வந்தது.

தாராபுரத்துக்காரர்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா ராக்கியப்பன் நாலு கறவை மாடு வைத்திருப்பவர், சந்தைக்குப் பழகிய ஆள், வாய் நீளம். வந்து உட்கார்ந்ததுமே கண் நாச்சிமுத்துவின் மூக்கில் போய் நின்றது.

ஊரைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். தீவன விலையைப் பற்றிப் பேசினார். கண் மட்டும் மூக்கை விட்டு நகரவில்லை.

வாணி காப்பித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி நடுவில் வைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் ராக்கியப்பன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொண்ணைக் குடுத்து எடுக்கறோம், ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிருவோம். ஒளிவு மறைவு வேண்டாம் பாருங்க. உங்களுக்கு, இந்த... சாயங்காலமானா...?"

நாச்சிமுத்துவின் காது கொதித்தது. கழுத்திலிருந்து ஏறுவது தெரிந்தது. மூக்கின் ஒவ்வொரு நூலும் முறுக்கேறுவது தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

வாணி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவன் அப்பாவையும் பார்க்கவில்லை. தன் அப்பாவின் வலது கையை மட்டும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குனிந்து, சத்தமில்லாமல், காப்பித் தட்டை அவருக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

பழகிய கை நகர்த்துகிற மாதிரி நகர்த்தினாள்.

ராக்கியப்பன் அதைப் பார்த்தார். பையனும் பார்த்தான்.

நாச்சிமுத்துவும் பார்த்தார். டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது.

எதைப் பார்த்துப் போனாங்க?

மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் அவர் கை துடித்தது. அப்படியே வைத்திருந்தார். துடிக்கட்டும் என்று வைத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே யாருடைய கன்றோ கத்தியது.

பிறகு அந்தக் கையை வெளியே எடுத்தார். ராக்கியப்பனின் கையைப் பிடித்தார். அவருடைய ஆள்காட்டி விரலைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தார்.

"அழுத்துங்க."

ராக்கியப்பன் மிரண்டு போய் அழுத்தினார். விரலுக்கடியில் வெளுத்தது. எடுத்தார். சிவப்பு ஓடி வந்தது.

அவர் தன் விரலைப் பார்த்தார், நாச்சிமுத்துவின் கன்னத்தைப் பார்த்தார். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"ஒண்ணுங்களா?"

"விலை இல்லீங்க," என்றார் நாச்சிமுத்து. "பாத்துக்கங்க. வெயில்ல வந்தது. கோவத்துலயும் வரும். குடிச்சு வந்ததில்லை."

குரல் உயரவில்லை.

வாணி குனிந்து, தட்டை இழுத்து, அப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.