அணையாத உலையும் முந்நூற்று நாற்பது நாட்களும்

கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர்கள் கொஞ்சம் காது கொடுக்கட்டும். விடை கடைசியில் இருக்கிறது. கண் அங்கே முந்திக்கொண்டு ஓடாமல் பிடித்து வைப்பது அவரவர் பொறுப்பு.

கடலூர்ப் பக்கம் ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை. அங்கே உலை அணைவதே கிடையாது. அணைந்தால் உருகிய கண்ணாடி உள்ளேயே இறுகிவிடும். உலையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு ஷிப்ட் கிளம்புமுன் அடுத்த ஷிப்ட் வந்து நின்றாக வேண்டும். இரண்டும் ஒரு மணி நேரம் சேர்ந்து நின்று வேலையைக் கைமாற்றும். ஆக, ஆளுக்கு ஒன்பது மணி நேர வேலை, எட்டு மணி நேரக் கூலி. அந்த மிச்ச ஒரு மணிக்கு அன்றைக்குக் காலணா கிடையாது. பேரேட்டில் மட்டும் ஏறும். எட்டு நாளில் எட்டு மணி சேர்ந்துவிடும். ஒன்பதாம் நாள் வீட்டில் இருக்கலாம், முழுக் கூலியும் உண்டு. அதற்கு முறை ஓய்வு என்று பெயர்.

தவமணி அங்கே பாட்டில் பார்க்கிறவள். விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். கொப்புளமோ கீறலோ முடியிழை போன்ற விரிசலோ, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புருஷன் போன பிறகு, நாற்பத்தெட்டு வயதில் சேர்ந்தாள். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை.

தொழிற்சாலைக்கென்று ஓர் ஓய்வு நிதி இருந்தது. தொழிலாளியின் கூலியில் நூற்றுக்குப் பத்து பிடிப்பார்கள். அதே கூலிக்கு முதலாளி தன் பங்காக இன்னொரு பத்து போட வேண்டும். மூவாயிரம் நாளுக்கு முதலாளி பங்கு விழுந்திருந்தால் சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம். ஒரு நாள் குறைந்தாலும் சேர்ந்த பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த மாதப் பணத்தை நம்பித்தான், மகன் வீட்டில் போய் ஒண்ட மாட்டேன் என்று மருமகள் முகத்துக்கு நேரே சொல்லி வைத்திருந்தாள் தவமணி.

ஐம்பத்தெட்டு முடிந்து கணக்குத் தீர்க்கப் போனாள். டைம் ஆபீஸ் சம்பந்தம் பேரேட்டைப் புரட்டி, "ரெண்டாயிரத்து எழுநூத்து இருவது நாள். ஓய்வூதியம் வராதும்மா" என்றார்.

"மூவாயிரத்து அறுவது நாள் கூலி வாங்கியிருக்கேன் சார். பாக்கி முந்நூத்து நாப்பது எங்க போச்சு?"

"அதெல்லாம் முறை ஓய்வு. நீ வீட்ல படுத்துத் தூங்கின நாளுக்கு முதலாளி பங்கு போடுவாரா?"

"தூங்குறதுக்கு முன்னாடியே அதுக்கு உழைச்சாச்சு சார். சந்தேகமா இருந்தா என் முழங்காலக் கேளுங்க."

சங்கத்துச் செயலாளர் அந்தோணிராசு சத்தம் கேட்டு உள்ளே வந்தார். "அக்கா, நீங்க இருங்க" என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "சேத்து வச்ச மணியும் வேலைதான், அதுக்கும் பங்கு போடணும். ஓய்வு நாள்ல வர்றதும் கூலிதான், அதுக்கும் போடணும். மொத்தம் மூவாயிரத்து நானூறு நாள்!"

"ஒரே மாட்ட ரெண்டு சந்தையில விப்பீங்களா தலைவரே?" என்று சிரித்தார் சம்பந்தம்.

பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த ஆடிட்டர் கோதண்டம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் தேன் வழிந்தது. "எதுக்குச் சண்டை? பங்கு ஒரு தடவைதான். அது மணி சேர்ந்த அன்னைக்கே போயிருக்கணும். அந்தந்த வருஷக் கூலிப்படி அத்தனை மணிக்கும் பணத்தைக் கட்டிடச் சொல்றேன். ஆனா மணி நாளாகாதும்மா. எண்ணிக்கை அதே ரெண்டாயிரத்து எழுநூத்து இருவதுதான்."

பணம் உண்டு, நாள் கிடையாது. விரிசல் விட்ட பாட்டிலைத் துடைத்துப் பளபளவென்று நீட்டினால் தவமணி கண்டுபிடிக்க மாட்டாள் என்று நினைத்துவிட்டாரா இந்த மனுஷன்?

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த பத்து வருஷக் கூலிச் சீட்டுகளை மேசைமேல் போட்டாள். வேலை நாள் வரியில், எட்டு மணிக்குக் கூலி, அதில் பத்து பிடித்தம். சேர்ந்த ஒரு மணிக்கு நேரே கூலியும் இல்லை, பிடித்தமும் இல்லை. முறை ஓய்வு நாள் வரியில் எட்டு மணிக் கூலி, அதிலும் பத்து பிடித்தம்.

"எங்கிட்ட புடிக்கும்போது இது கூலி. நீங்க போடும்போது மட்டும் தூக்கமா சார்?"

மூவரும் சீட்டைப் பார்த்தார்கள்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள்: சம்பந்தம், அந்தோணிராசு, கோதண்டம் மூவரில் யார் கணக்கு சரி? தவமணிக்கு ஓய்வூதியம் உண்டா, இல்லையா?

விடை: மூவரிடமும் ஆளுக்கொரு துண்டு இருக்கிறது, முழுப் பாட்டில் எவரிடமும் இல்லை. மணி சேர்ந்த அன்று சம்பந்தம் பங்கு போடாமல் விட்டது சரி. அன்று அதற்குக் கூலி கொடுக்கவில்லை. ஓய்வு நாளுக்குப் பங்கு உண்டு என்று அந்தோணிராசு சொன்னதும் சரி. சேர்ந்த மணிக்கான கூலி கைக்கு வருவதே அன்றுதான். பங்கு ஒரு தடவைதான் என்று கோதண்டம் சொன்னதும் சரி. அந்த ஒரு தடவை, ஓய்வு நாளில், அன்றைய கூலிப்படி விழ வேண்டும், நாளாகவும் எண்ண வேண்டும். ஆக மூவாயிரத்து அறுபது. ஓய்வூதியம் உண்டு, அறுபது நாள் மிச்சமும் உண்டு. டைம் ஆபீசுக்குக் கணக்குத் தெரியாமல் போய்விட்டது என்று மட்டும் யாரும் இரக்கப்பட வேண்டாம். முந்நூற்று நாற்பது ஓய்வு நாளிலும், ஒன்று விடாமல், அவள் கூலியில் பத்தைப் பிடிக்கத் தெரிந்த கை அது.