ஜட்ஜ் ஐயாவின் இடது பெட்டி

கிட்ட வந்து உட்காருங்க. தூரத்துல இருந்தா பாதிக் கதைதான் காதுல விழும்.

பாளையங்கோட்டையில் ஞானராஜ் என்று ஒரு ஓய்வுபெற்ற ஜட்ஜ். அறுபது வருஷப் பழைய வால்வு ஆம்ப்ளிபயர், இசைத்தட்டுப் பெட்டி, ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு, எல்லாவற்றையும் உயிராக வைத்திருந்தார். ஸ்பீக்கர் ரெண்டுக்கும் எதிரே, சரிநடுவில் அவர் நாற்காலி. அதை ஒரு விரல்கடை நகர்த்தக் கூடாது.

அன்றைக்கு இசைத்தட்டைப் போட்டவர், வீடு துடைக்கிற முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஏளா, இடது பெட்டியைத் துடைக்கேன்னு என்ன செஞ்ச? சத்தமே வரல!"

"நல்லாத்தான பாடுது, ஐயா."

"பொய்ச்சாட்சியைக் குரல்லயே பிடிச்ச காது இது. எனக்குச் சொல்லித் தாரியா? தட்டு முடியறதுக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராத."

பன்னிரண்டு வருஷச் சோறு அது. பேச்சி ரெண்டு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அப்படியே பின்சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"நாற்காலியையா தொட்ட!"

"தண்டனையைப் பொறவு குடுங்க. இப்படி உட்கார்ந்து, எந்தப் பக்கம் சத்தமில்லைன்னு சொல்லுங்க."

ஐயா பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "அதே இடது பக்கம்தான்!"

"இப்ப உங்க இடது பக்கம் இருக்கது பழுதில்லாத பெட்டில்லா, ஐயா? பெட்டி பக்கம் மாறிட்டு. பழுது மட்டும் உங்க கூடவே திரும்பிட்டே!"

ஜட்ஜ் ஐயா இடது காதை மெல்லத் தடவிப் பார்த்தார்.

காது டாக்டரிடம் பேச்சியே அவரை ஆட்டோவில் கூட்டிப் போனாள். அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரி வருமுன்னே, பன்னிரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தக் காதில் சொல்லி முடித்தாள்.