அறுபத்து மூன்றாம் பக்கம்

ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனி. கார் பிரேக்குக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். அவர்களுடைய வேலைமுறையை மதிப்பிட, பெரிய கார் கம்பெனியிலிருந்து ரங்கபாஷ்யம் வந்து இறங்கினார். அவர் தலையாட்டினால்தான் அடுத்த ஆர்டர்!

கோப்புகளைப் புரட்டியவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கு. எவன் படிச்சான்? பக்கம் விடாம படிச்சாங்கன்னு நிரூபிங்க, பார்க்கலாம்!"

மேனேஜர் அவசரமாக இன்னொரு கோப்பைத் தேடினார். கடைசி நாற்காலியிலிருந்து மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர் செண்பகவல்லி துள்ளி எழுந்தாள்.

"நிரூபிக்கலாம் சார்! சரிபார்க்கக் கொடுக்கிற ஒவ்வொரு ஆவணத்திலும் வேணும்னே ஒரு தப்பு வரியை ஒளிச்சு வைப்பேன். படிச்சவங்க பிடிச்சிருவாங்க; உடனே நீக்கிடுவேன். பன்னிரண்டு ஆவணம், பன்னிரண்டையும் பிடிச்சுட்டாங்க. இதோ பட்டியல்!"

ரங்கபாஷ்யம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டும் சரி.

"கடைசி ஆவணத்தை எங்க ஆளுங்களுக்குக் கொடுத்த அன்னிக்கே உங்களுக்கும் அனுப்பினோம் சார். நீங்க திருப்பி அனுப்பின பிரதி இது. அறுபத்து மூன்றாம் பக்கம் பாருங்க."

அவரே சத்தமாகப் படித்தார்: "பிரேக் பிடித்ததும் ஓட்டுநர் கண்களை மூடிக்கொள்ள வேண்டும்."

அடியில், 'முழுவதும் படித்து ஒப்புதல் அளித்தேன்' என்று ரங்கபாஷ்யத்தின் கையெழுத்து, வளைந்து நெளிந்து, அழகாக!

செண்பகவல்லி பேனா மூடியைத் திறந்தாள். "இந்தக் குறையை யார் பேர்ல எழுதட்டும் சார்?"