வலது கையால் ஒரு பத்திரிகை

"கை இருக்கிறது வேலை செய்ய மட்டுமாடா, அது..." என்று சுடலைமுத்துவின் பெரியப்பா எதையோ சொல்லி முடிப்பார். மீதி சுடலைமுத்துவுக்கு மறந்துவிட்டது. பக்கவாதம் வந்து ஆறு வருஷமாகச் சுடலைமுத்துவின் வலது கையும் எல்லாவற்றையும் மறந்துதான் கிடந்தது.

ஆஸ்பத்திரியில், ஒரு நிமிஷத்தில் எத்தனை முடிகிறது என்று எண்ணிப் பார்க்க, பெட்டியிலிருந்த சின்ன மரக்கட்டைகளை அந்தக் கையால் தடுப்புக்கு அந்தப் பக்கம் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, பெரிய டாக்டர் கற்பகராஜன் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"போன வருஷத்துக்கும் இப்பவுக்கும் ஒரு கட்டைதான் கூட. இதையெல்லாம் முன்னேற்றம்னு சொல்ல முடியாதுங்க. பயிற்சியை நிறுத்திட்டு இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்திடலாம்."

"சரிங்கய்யா. அடுத்த மாசம் சின்ன மகளுக்குக் கல்யாணம், நீங்க அவசியம் வரணும்."

சுடலைமுத்து பத்திரிகையை இடது கையால் நீட்டினார். வாங்க வந்த டாக்டரின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. நல்ல காரியத்துக்கு இடது கையா?

"பாத்தீங்களா, உங்களுக்கே கை வரல. இதுக்குப் பயந்துதான் மூத்தவ கல்யாணத்துக்கு நான் ஒரு வீட்டுக்கும் பத்திரிகை வைக்கப் போகல."

பத்திரிகையை வலது கைக்கு மாற்றினார். கை நடுங்கியது, தோள் ஏறிக்கொண்டது. ஆனாலும் பத்திரிகை மெல்ல மெல்ல மேஜையைத் தாண்டி வந்துசேர்ந்தது. டாக்டர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"போன வருஷம் இது முடியலீங்கய்யா. இதை எத்தனை கட்டைன்னு கணக்குப் போடுவீங்க?"

டாக்டர் மணமகளின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்துவின் பயிற்சி தொடரட்டும் என்றும், இனி யாரிடமும் கட்டையைக் காட்டுவதற்கு முன் அந்தக் கையால் என்ன செய்ய ஆசை என்று கேட்பது என்றும் முடிவு செய்தார்.