காத்து முறை

ஓட்டக்காரர்களுக்கும் குரு உண்டு. கழுத்தில் விசில் தொங்கும், கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கும், வாயில் எப்போதும் பாதி வசவு தயாராக இருக்கும். தென்காசிப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் தங்கபுஷ்பம். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் மேடம்.

அவரிடம் பழகியவர்களில் இரண்டு பேர் நாடறிய ஓடினார்கள். ஒருத்தி முப்பிடாதி, இன்னொருத்தி ஜெபக்கனி. இருவருமே பத்தாயிரம் மீட்டர்க்காரிகள். மொத்தம் இருபத்தைந்து ரவுண்டு. ஓடுகிறவர்கள் இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்கே தலை சுற்றும்.

இருவரும் ஓட்டத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டது. முப்பிடாதி இப்போது ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஜெபக்கனி போலீஸில் இருக்கிறாள்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு முப்பிடாதி மைதானத்துக்கு வந்தாள். வந்த வேகத்தில் கேட்டை ஒரு தள்ளு தள்ளினாள். அது சுவரில் மோதித் திரும்பி அவளையே இடித்தது. கேட்டுக்கும் ஒரு வசவு விழுந்தது.

மேடம் ஓடுதளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்த அநியாயத்தக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நீ கேட்டத் தள்ளுனதும் கேட்டுச்சு. உக்காரு."

"உக்கார வரல மேடம். கையெழுத்து வாங்க வந்தேன்."

விஷயம் இதுதான். மைதானத்தில் புதிதாகச் சிவப்பு ஓடுதளம் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு வளைவு கட்டி, அதில் ஊர்ப் பெருமையைக் காத்த ஓட்டக்காரி ஒருத்தியின் பெயரை எழுத வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தது. ஒரு பெயருக்குத்தான் இடம். யார் பெயர் என்று தீர்மானிக்க மார்க் போட்டார்கள். போட்ட புண்ணியவான் பஸ் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை.

"ஆசியப் போட்டியில வெள்ளி வாங்குனா பன்னெண்டு மார்க்காம். ஆசிய சாம்பியன்ஷிப்புல தங்கம் வாங்குனா ஒம்பது மார்க்காம். தங்கத்தவிட வெள்ளி ஒசத்தியாம்! எந்த ஊரு நகைக்கடையில மேடம் இந்தக் கணக்கு?"

"ஆசியப் போட்டி நாலு வருஷத்துக்கு ஒருக்க வாரது. அதனால பெருசுன்னு நெனச்சிருப்பாங்க."

"மகாமகம் பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருது. அதுக்காக அங்க முங்குனவ எல்லாம் நீச்சல் வீராங்கனையா?"

மேடம் சிரித்துவிட்டார். முப்பிடாதி சிரிக்கவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வெள்ளி ஜெபக்கனியுடையது. அது கிடைத்த வருஷம் ஓடியதே ஒன்பது பேர். முன்னணிக்காரிகள் இரண்டு பேர் காயம் என்று வரவேயில்லை. முப்பிடாதி தங்கம் வாங்கியது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். அன்று இருபத்தோரு பேர் ஓடினார்கள். நேரத்தைப் பார்த்தாலும் ஜெபக்கனியின் வெள்ளியைவிட இவள் பதினாலு விநாடி வேகம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பந்தயத்தில் ஜெபக்கனியும் ஓடினாள். நாலாவதாக வந்தாள்.

ஜெபக்கனி வெள்ளி வாங்கிய அன்று முப்பிடாதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல், மாவுக்கட்டு. நான் போயிருந்தால் அவளுக்கு வெள்ளி கிடைத்திருக்குமா என்று பத்து வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதை யாரிடம் போய்க் கேட்பது?

"அஞ்சரைக்குக் குழு கூடுது. ரெண்டு பேரையும் பழக்குனது நீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. லெட்டர் நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேன். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

இரண்டு பக்கக் கடிதம். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

"ஜெபக்கனியும் போன செவ்வாக்கிழமை வந்தா," என்றார்.

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. "அவளுக்கும் லெட்டர் வேணுமாமா?"

"லெட்டர் கேக்கல. உன்னய நல்லா ஏசிட்டுப் போனா."

"என்னயவா? என்னன்னு ஏசுனா?"

மேடம் டீக்கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "வா, ரெண்டு ரவுண்டு நடப்போம். உக்காந்தே இருந்து எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு."

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தப் பக்கத்தில் அம்மி என்ன, ஆளே பறக்க வேண்டியது. மலை இடுக்கு வழியாகப் புறப்பட்டு வருகிற காற்று மைதானத்தின் ஒரு பக்கத்தில் நேராக முகத்தில் அறையும். ஓடுகிறவர்களை அது பின்னால் பிடித்துத் தள்ளாது, முன்னால் நின்று மறிக்கும்.

அதற்காகவே மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காற்று அடிக்கிற நாளில் எல்லோரும் வரிசையாகப் போக வேண்டும். முன்னால் போகிறவள் காற்றை வாங்குவாள், பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகு மறைவில் சுகமாக வருவார்கள். ஒரு ரவுண்டு முடிந்ததும் முன்னால் இருப்பவள் வலது கையை இடுப்புக்குக் கீழே இறக்கி இரண்டு தரம் அசைப்பாள். உடனே அடுத்தவள் முன்னால் வந்துவிட வேண்டும். மைதானத்தில் அதற்குக் காத்து முறை என்று பெயர். முறை தவறினால் அன்றைக்கு மேடத்தின் வாயில் விழ வேண்டியதுதான்.

மேடம் நடந்தார். முப்பிடாதி பக்கத்திலேயே நடந்தபடி பொரிந்துகொண்டிருந்தாள். காற்றுப் பக்கம் வந்ததும் தன்னை அறியாமல் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"சாம்பியன்ஷிப்னா என்னன்னு அந்தக் குழுவுல ஒருத்தருக்கும் தெரியல மேடம். ஒருத்தர் கேக்காரு, அது கபடியாம்மான்னு. பன்னெண்டு வருஷம் கழிச்சு என் தங்கத்தக் கபடி ஆக்கிட்டாங்க. வயிறு எரியுது!"

"எரியத்தான் செய்யும்."

"அவ பேரு வளைவுல ஏறினா, நான் தெனமும் அதுக்குக் கீழ குனிஞ்சு போணுமா? எம்பிள்ள கேக்க மாட்டானா, ஒம்பேரு எங்கம்மான்னு?"

ஒரு ரவுண்டு முடிந்தது. மேடத்தின் வலது கை இடுப்புக்குக் கீழே இறங்கி இரண்டு தரம் அசைந்தது. முப்பிடாதி அதைப் பார்த்தாள். பேச்சு சுவாரசியத்தில் அப்படியே பின்னால் நடந்தாள்.

இரண்டாவது ரவுண்டையும் மேடமே முன்னால் நடந்தார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் காத்து," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நீ தங்கம் வாங்குன அன்னைக்கு."

"பேய்க்காத்து மேடம். கொடிக்கம்பமே ஆடுச்சு."

"ஜெபக்கனி நம்பர் என்ன அன்னைக்கு?"

"முந்நூத்திப் பதினேழு."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. முப்பிடாதிக்கே அது கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

"முதுகுல எப்பிடிக் குத்தியிருந்தா?"

"நாலு ஊக்கு. எடது பக்கம் மேல உள்ள ஊக்கு கழண்டு, நம்பர் படபடன்னு அடிச்சுக்கிட்டே..."

அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எத்தன ரவுண்டு பாத்தே?"

"இருவத்திரெண்டு."

"காலையில சாப்பிடும்போது ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டீங்க? நானும் பக்கத்துலதான இருந்தேன்."

முப்பிடாதிக்கு இட்லித் தட்டுகூட ஞாபகம் வந்தது. ஜெபக்கனி சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: காத்து முறையிலயே போவோம்டி, ஒரு ரவுண்டு நான், ஒரு ரவுண்டு நீ, கடைசி ரெண்டு ரவுண்டு அவரவர் சமர்த்து. இவள் சரி என்றாள்.

"எத்தன தடவ கை காட்டுனா?"

"போட்டியில காத்து முறை என்ன மேடம்? விதியில அப்பிடி ஒண்ணு இருக்கா?" முப்பிடாதியின் குரல் கிறீச்சிட்டது. "முன்னால வரலன்னா தப்புன்னு எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு? அவளுக்குப் புத்தி இருந்தா அவளும் வேகத்தக் கொறச்சிருக்கணும். யாராவது முன்னாலயே போகணும்னா சொன்னாங்க? நான் யாரையும் தள்ளல, யாரு காலையும் மிதிக்கல. ஓடி ஜெயிச்சேன்!"

"ஆமா. விதிப்படி உன் தங்கம் தங்கந்தான். யாரும் அதத் தொட முடியாது. எத்தன தடவ கை காட்டுனான்னு கேட்டேன்."

காற்று இரைந்தது.

"மூணு," என்றாள் முப்பிடாதி.

மேடம் நடந்துகொண்டே இருந்தார்.

"அஞ்சு இருக்கும்."

"காலரியில இருந்து நான் ஏழு எண்ணுனேன்."

பன்னிரண்டு வருஷத்தில் மேடம் ஒரு நாள்கூட இதைக் கேட்டதில்லை. தங்கத்தோடு வந்தபோது கட்டிப்பிடித்து அழுதார். ஊர்வலத்தில் ஜீப்பில் பக்கத்தில் நின்றார். அப்போதெல்லாம் இந்த ஏழு என்ற கணக்கை எங்கே வைத்திருந்தார்? முப்பிடாதிக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

"அப்பவே கேட்டிருக்கலாம்லா மேடம்?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

மேடம் கடிதத்தை விரித்தார். காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வரியை வாசித்தார். "ஜெபக்கனி கடைசி ரவுண்டுகளில் தாக்குப்பிடிக்கும் திறன் இல்லாதவர் என்பது அந்தப் பந்தயத்திலேயே தெரிந்தது." பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நெசந்தான். தாக்குப்பிடிக்கல. ஏன் பிடிக்கலன்னு இதுல எழுதலியே?"

முப்பிடாதி அந்த வரியை எட்டிப் பார்த்தாள்.

"மார்க் போட்டது தப்புத்தான். அத நான் குழுவுல வந்து சொல்லுதேன், சண்டையும் போடுதேன். இந்த லெட்டருலயும் கையெழுத்துப் போடுதேன். அந்த வரிக்குக் கீழ காரணத்தையும் எழுது. எழுதிக் கொண்டா."

கடிதமும் பேனாவும் முப்பிடாதியின் கைக்கு வந்தன. மணி நாலே முக்கால். வாசலில் வளைவு பெயரில்லாமல் நின்றது. மேடம் மறுபடியும் நடக்க ஆரம்பித்திருந்தார். முப்பிடாதி கூடவே போனாள், இரண்டடி பின்னால்.

"எழுதுனா வளைவுல அவ பேருதான மேடம் வரும்?"

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வலது கை இடுப்புக்குக் கீழே இறங்கி இரண்டு தரம் அசைந்தது.

"அவ ஏழு தடவ காட்டுனா, நான் இது ரெண்டாவது தடவ காட்டுதேன், ஏட்டி. முன்னால வா."